கேள்வி கேட்கும் நோட்டீசுக்கு யார் பதில் சொல்வது?

தாசில்தார் அலுவலகத்திலிருந்து ஒரு காகிதம் வந்தால் நம் காலனிகளில் என்ன நடக்கிறது என்பது இந்தப் பகுதியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாதது அல்ல. வாங்கியவர் அதைக் கூரை இடுக்கில் செருகிவிட்டு வேலைக்குப் போகிறார். சாயங்காலம் பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை எடுத்து எழுத்துக்கூட்டிப் படிக்கிறது. 'பிரிவு', 'ஆட்சேபணை', 'தவறும்பட்சத்தில்' என்ற சொற்களைத் தாண்டி ஒன்றும் விளங்குவதில்லை. மறுநாள் வார்டு உறுப்பினரிடம் காட்டுகிறார்கள். அதற்கடுத்த நாள் கட்சிக் கிளைச் செயலாளரிடம். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம். "மேல இருந்து வந்த ஆர்டருப்பா, நான் என்ன பண்றது? பாத்துக்கலாம் போ" என்கிறார் அவர். அந்தப் 'பாத்துக்கலாம்' என்ற சொல்லிலேயே கொடுத்த நாளெல்லாம் தீர்ந்துவிடுகிறது. அடுத்து ஊருக்குள் வருவது பொக்லைன்.

அந்தக் காகிதம் 'மேல இருந்து வந்த ஆர்டர்' தானா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. புறம்போக்கில் குடியிருப்பவர்களைக் காலி செய்ய வருவாய்த் துறை இன்றைக்கும் பயன்படுத்துவது 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான். அதிலேயே இரண்டு படி இருக்கிறது. 7-ஆம் பிரிவில் வரும் நோட்டீஸ், 'உன்னை ஏன் காலி செய்யக் கூடாது, காரணம் சொல்' என்று கேட்கிறது. 6-ஆம் பிரிவில் வருவதுதான் 'காலி செய்' என்ற உத்தரவு. முதலில் வருவது கேள்வி. அதற்குப் பதில் எழுதிக் கொடுத்தால், அந்தப் பதிலைப் பரிசீலித்துத்தான் அதிகாரி அடுத்த படிக்குப் போக முடியும். பதிலே வராவிட்டால் 'விளக்கம் எதுவும் பெறப்படவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டு உத்தரவு போடுகிறார். பல காலனிகளின் கதை அந்த ஒரு வரியில் முடிந்திருக்கிறது. உத்தரவு வந்த பிறகும் மேல் அதிகாரியிடம் முறையீடு செய்ய அதே சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அதற்கும் நாள் கணக்கு இருக்கிறது.

பதில் எழுதுவது யார்? வக்கீல் வைக்கக் காசு ஏது? இந்தக் கேள்விக்கு நாட்டின் சட்டம் 30 ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது. அது காலனிக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தில் 39-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. பணமில்லை என்ற காரணத்தால் எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அதற்கு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்கிறது அது. அதைச் செயல்படுத்த வந்தது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம். நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9. அதன் 12-ஆம் பிரிவு இலவச வக்கீலுக்கு உரியவர்கள் யார் யார் என்று வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் முதலில் நிற்பவர்கள் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும். அவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. கூலி வேலை செய்பவரானாலும் சரி, பள்ளி ஆசிரியரானாலும் சரி, சாதிச் சான்றிதழ் போதும். வழக்கில் ஓரளவு நியாயம் இருக்கிறது என்று ஆணைக்குழு கருத வேண்டும், அவ்வளவுதான். வக்கீல் கட்டணம், கோர்ட் கட்டணம், நகல் எடுக்கும் செலவு, மொழிபெயர்ப்புச் செலவு எல்லாம் அதில் அடக்கம். இந்த வக்கீல் கட்சிக்காரரிடம் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் ஆணைக்குழுவிடம் புகார் செய்யலாம்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. மதம் மாறிய கிறிஸ்தவ தலித்துகள் பட்டியல் சாதியில் இல்லை. அதே தெருவில், அதே தீண்டாமையோடு வாழ்ந்தாலும் அந்த ஆண்களுக்கு இந்தப் பிரிவு கை கொடுக்காது. வருமான வரம்புக்குள் வருகிறோம் என்று உறுதிமொழி கொடுத்துத்தான் உதவி பெற வேண்டும். பெண்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பெண்கள் என்றாலே, எந்தச் சாதி, எந்த மதம், எவ்வளவு வருமானம் என்ற கேள்வி இல்லாமல் 12-ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஆகவே வீட்டு வரி ரசீது அம்மா பெயரில் இருந்தால், நோட்டீஸ் மனைவி பெயருக்கு வந்திருந்தால், அவரே மனு போடலாம்.

எங்கே போவது? தாலுகா கோர்ட் இருக்கும் வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. அதன் தலைவர் மாவட்ட நீதிபதியே. போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். அந்த அழைப்புக்குக் கட்டணம் இல்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அங்கிருப்பவர்களே மனுவாக எழுதிக்கொள்ள வேண்டும். 'நாளைக்கு வா, சார் இல்லை' என்று சொன்னால், வந்து போன தேதியைக் குறித்துக்கொண்டு மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட வேண்டும்.

கையில் என்ன கொண்டு போவது என்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். 'பட்டா இல்லீங்க' என்று சொல்லித் தலை குனிகிறார்கள். பட்டா இல்லாவிட்டால் என்ன? 20 வருஷமாகக் கட்டிய வீட்டு வரி ரசீது இருக்கிறது. கரண்டு பில் இருக்கிறது. குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் உள்ள முகவரி எல்லாமே குடியிருந்ததற்கு அத்தாட்சி. புறம்போக்கில் இருப்பவர்களுக்கு வருவாய்த் துறை போட்ட 'பி மெமோ'வும் அதற்குத் தண்டம் கட்டிய ரசீதும் பலரிடம் கிடக்கும். அபராதக் காகிதம் என்று அதைக் கிழித்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். இத்தனை ஆண்டுகளாக நாம் அந்த இடத்தில் இருப்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்த காகிதம் அது.

அடுத்தது அந்த நிலம் என்ன வகை என்பது. கிராம நிர்வாக அலுவலகத்திலோ தாலுகா அலுவலகத்திலோ 'அ' பதிவேட்டின் நகலை, நம் புல எண்ணுக்கு மட்டும், கேட்டு வாங்க வேண்டும். 'கிராம நத்தம்' என்று இருந்தால் நிலைமையே வேறு. நத்தம் என்பது குடியிருப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அதில் வீடு கட்டி வாழ்பவரை அரசு நிலத்தை ஆக்கிரமித்தவர் போல நடத்த முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. நத்தத்தில் இருப்பவருக்கு 1905 சட்டத்தில் நோட்டீஸ் வந்தால், அந்த ஒரு காரணத்தையே பதிலில் முதலாவதாக எழுதலாம். மிராசுதார் நிலத்தில் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளி என்றால் அதற்கும் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. 1961-இல் வந்த குடியிருப்புப் பாதுகாப்புச் சட்டம், அவர்களை நினைத்தபோது வெளியேற்றுவதைத் தடுத்தது. 1971-இல் வந்த சட்டம் ஒரு படி மேலே போய், அந்த மனையைக் குடியிருப்பவருக்கே சொந்தமாக்கியது. கீழத்தஞ்சையில் கொடி பிடித்துப் பெற்ற அந்த உரிமை தமிழ்நாடு முழுமைக்கும் பொதுவானது. வட மாவட்டங்களில் அதன் பெயரைச் சொன்னால் வக்கீல்களே சிலர் யோசிக்கிறார்கள்.

ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் என்று பதிவேட்டில் இருந்தால் நிலைமை கடினம். இதை மூடி மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. நீதிமன்றங்களும் அதில் இரக்கம் காட்டுவது அரிது. வீடுகளை இடிக்கும் முன் 15 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொன்ன தீர்ப்பிலும் நீர்நிலைகளுக்கும் சாலை போன்ற பொது இடங்களுக்கும் விலக்கு வைத்துவிட்டது. அப்போதும் வாயை மூடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. மாற்று இடம் கேட்கலாம். பிள்ளைகளின் பரீட்சை முடியும்வரை அவகாசம் கேட்கலாம். இன்னொன்றையும் கேட்க வேண்டும். அதே ஏரியில் கரையை ஒட்டிய விளைநிலமும் கல்யாண மண்டபமும் செங்கல் சூளையும் இருந்தால், அவற்றுக்கும் நோட்டீஸ் போனதா? தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தப் பட்டியலைக் கேளுங்கள். பொக்லைன் ஏன் எப்போதும் கிழக்குக் கோடியிலிருந்தே வேலையைத் தொடங்குகிறது என்பதற்கு அந்தப் பட்டியலில் விடை இருக்கும். ஏரிக்கரையில் யாரும் ஆசைப்பட்டுக் குடியேறுவதில்லை. ஊருக்குள் இடமில்லை என்று தள்ளப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று ஆக்கிரமிப்பாளர்கள் என்று பெயர் வாங்குகிறார்கள்.

பட்டா இருந்தும் மனை இல்லாதவர்கள் இன்னொரு கூட்டம். ஆதிதிராவிடர் நலத் துறை மேடை போட்டுப் பட்டா கொடுத்திருக்கும். இடத்தை அளந்து காட்டியிருக்க மாட்டார்கள். கிராமக் கணக்கில் ஏற்றியிருக்க மாட்டார்கள். 15 ஆண்டு கழித்துப் போய்க் கேட்டால் அந்த இடம் இன்னொருவர் பெயரில் கம்ப்யூட்டரில் நிற்கிறது. இப்படிப்பட்ட பட்டாவை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு சட்டப் பணிகள் குழுவுக்குப் போக வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை கொடுக்கும் மனு வேறு, வக்கீல் மூலம் கேட்கும் கேள்வி வேறு. திங்கள்கிழமை மனுவுக்கு 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது' என்று பதில் வரும். அனுப்பப்பட்ட இடம் எது என்றால், யார் மேல் புகாரோ அவருடைய மேசைதான்.

காலி செய்யச் சொல்வது அரசாங்கமாக இல்லாமல் பக்கத்து நிலக்காரராக இருந்தால்? வேலி போட்டுப் பாதையை அடைப்பார். வீட்டுக்குப் பின்னால் இருந்த எருக்குழியை மூடி உழுவார். போலீஸ் நிலையத்துக்குப் போனால் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போ" என்று எழுத்தரே சொல்லி அனுப்பிவிடுகிறார். இந்த வார்த்தையை நம்பித் திரும்பி வந்தவர்கள் கணக்கில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)-ஆம் பிரிவில் (எஃப்), (ஜி) என்று இரண்டு உட்பிரிவுகள் இருக்கின்றன. பட்டியல் சாதியினரின் நிலத்தை முறைகேடாகப் பிடித்துக்கொள்வதும், அவர்களுடைய நிலத்திலிருந்தோ இடத்திலிருந்தோ முறைகேடாக வெளியேற்றுவதும், அனுபவிக்க விடாமல் இடையூறு செய்வதும் குற்றம். ஒரு காரியம் சிவில் வழக்காகவும் இருக்கலாம், அதே நேரத்தில் குற்றமாகவும் இருக்கலாம். இந்தச் சட்டத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முன்விசாரணை தேவையில்லை என்று 18-ஏ பிரிவு சொல்கிறது. நம்மை அலைக்கழிக்க வேண்டும் என்றே பொய்யான வழக்குப் போட்டால் அதுவும் 3(1)-இன் (பி) உட்பிரிவில் குற்றம். இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு நோட்டுத் தாளில் எழுதிப் புகார் மனுவோடு இணைத்தால் போதும். பிரிவைக் குறிப்பிட்டு எழுதிய மனுவுக்கும் 'ஐயா கருணை கூர்ந்து' என்று எழுதிய மனுவுக்கும் நிலையத்தில் கிடைக்கிற மரியாதை வேறு வேறு.

இனி பணம். சின்னத் தொகை வழக்குகளைப் பற்றிப் பேசும்போது, ஏழை கடன் கொடுத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போவது போலவே எழுதுகிறார்கள். நம் ஊரில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். நாம் பிரதிவாதியாகத்தான் கோர்ட்டைப் பார்க்கிறோம். மருத்துவச் செலவுக்கு 20,000 வாங்கும்போது தொகை எழுதாத புரோநோட்டில் கையெழுத்துப் போடுகிறார் ஒருவர். வட்டியாகவே அசலுக்கு மேல் கட்டிவிடுகிறார். ரசீது கிடையாது. மூன்றாம் வருஷம் முடிவதற்குள், காலவரம்பு தாண்டிவிடக் கூடாது என்பதற்காக, ஒரு லட்சம் என்று நிரப்பி வழக்குப் போடுகிறார் கடன் கொடுத்தவர். அமீனா சம்மன் கொண்டுவந்தால் வாங்க மறுத்து வீட்டைப் பூட்டிக்கொள்கிறார் நம்மாள். வாங்காவிட்டால் வழக்கே இல்லை என்று ஊரில் யாரோ சொல்லியிருப்பார்கள். கதவில் ஒட்டிவிட்டுப் போனால் கொடுத்ததாகவே கணக்கு. அப்புறம் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு. கேட்டிருக்கவேண்டிய ஒரே கேள்வி, 'வட்டி எவ்வளவு கட்டினார்?' என்பது. கேட்க ஆளில்லை.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்போடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. தகுந்த காரணத்தோடு, சாதாரணமாக 30 நாளுக்குள், அதை ரத்து செய்யக் கோரலாம். சம்மனே முறையாகச் சார்வாகவில்லை என்றால் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாள். அநியாய வட்டியைத் தடுக்க இங்கே 2003-ஆம் ஆண்டிலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்திருக்கிறது. தீர்ப்பு உறுதியாகி வீட்டை ஜப்தி செய்ய வந்தாலும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு நம் பக்கம் நிற்கிறது. விவசாயியோ கூலித் தொழிலாளியோ வீட்டு வேலை செய்பவரோ தான் குடியிருக்கும் வீட்டைப் பணத் தீர்ப்புக்காக ஜப்தி செய்ய முடியாது. தொழிலாளியின் கூலியையும் தொட முடியாது. கைத்தொழில் கருவிகளையும் சமையல் பாத்திரத்தையும் படுக்கையையும் எடுக்க முடியாது. பெண்களைப் பணத் தீர்ப்புக்காகக் கைது செய்யவே முடியாது. கையில் உண்மையாகவே காசில்லாதவரைக் கடனுக்காகச் சிறையில் அடைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் சொல்லிவிட்டது. இத்தனை பாதுகாப்பும் நாம் கோர்ட்டில் எழுந்து நின்று கேட்டால்தான் கிடைக்கும். வராதவரின் சார்பில் சட்டம் தானாகப் பேசாது.

சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர்கள் வாங்கும் அட்வான்சும் இதே கதைதான். ஆறு மாதம் குடும்பத்தோடு உழைத்த பிறகும் 'அட்வான்ஸ் கழியவில்லை' என்று கணக்குச் சொல்கிறார்கள். பாதியில் வந்தவர்மீது மேஸ்திரி புரோநோட்டை வைத்து வழக்குப் போடுவேன் என்று மிரட்டுகிறார். அந்த அட்வான்சைக் காட்டி ஆளை வெளியே போக விடாமல் வேலை வாங்கியிருந்தால் அது கொத்தடிமைக் கடன். 1976-ஆம் ஆண்டின் சட்டப்படி அந்தக் கடன் செத்துப்போன கடன். அதை வசூலிக்க எந்தக் கோர்ட்டிலும் வழக்குப் போட முடியாது. 'இது கொத்தடிமைக் கடன் இல்லை' என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் கடன் கொடுத்தவர் தலையில்தான் இருக்கிறது, தொழிலாளி தலையில் இல்லை. கோட்டாட்சியரிடம் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். நமக்கு வர வேண்டிய கூலி பாக்கி என்றால் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனு. அதற்கும் சட்டப் பணிகள் குழுவின் வக்கீல் எழுதித் தருவார். 6,000 ரூபாய் கூலி பாக்கிக்காக யாராவது வக்கீல் வைப்பார்களா என்று கேட்கலாம். காசு கொடுத்து வைத்தால் கட்டாதுதான். இலவச வக்கீல் என்ற ஏற்பாடே அந்த 6,000 ரூபாய்க்காகத்தான்.

இந்த இடத்தில் லோக் அதாலத் பற்றிச் சொல்லியாக வேண்டும். மக்கள் நீதிமன்றம் நல்ல ஏற்பாடு. கோர்ட் கட்டணம் இல்லை. வழக்குப் போடுவதற்கு முன்பே அங்கே போகலாம். ஒரே நாளில் முடிகிறது. வங்கிக் கடன், விபத்து இழப்பீடு போன்றவற்றில் பலருக்குப் பயன்பட்டிருக்கிறது. ஆனால் அங்கே எழுதப்படும் சமரசம் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். அதன்மீது மேல்முறையீடு கிடையாது. ஒரு பக்கம் நில உடைமையாளரும் அவருடைய வக்கீலும். இன்னொரு பக்கம் நாளைக்கு அவர் வயலுக்கே களை எடுக்கப் போக வேண்டிய அம்மா. "ஒத்துப் போயிடும்மா, எத்தினி நாளைக்கு அலைவ" என்று யாரோ காதில் சொல்கிறார்கள். கைநாட்டு விழுகிறது. சம்மதம் என்று இதற்குப் பெயர். சமரசத்துக்கு ஒத்துக்கொள்ளச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஒப்பவில்லை என்றால் வழக்கு கோர்ட்டுக்கே திரும்பும். வன்கொடுமை வழக்கு போன்ற, சமரசத்துக்கு இடமில்லாத குற்றங்களைத் தீர்க்க லோக் அதாலத்துக்கு அதிகாரமே இல்லை. இடத் தகராறையும் அடிதடியையும் ஒரே தாளில் 'பேசித் தீர்த்தாச்சு' என்று எழுத வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் நடப்பதைக் கோர்ட் வளாகத்தில் நாற்காலி போட்டு நடத்தினால் அது நீதியாகிவிடாது.

இலவச வக்கீல் என்றதும் 'காசு வாங்காதவன் ஒழுங்காகவா வாதாடுவான்' என்ற சந்தேகம் நம்மவர்களுக்கு உண்டு. முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். குழு வக்கீலுக்குக் கிடைக்கும் தொகை சொற்பம். வாய்தாவுக்கு வராதவர்களும் இருக்கிறார்கள். அப்படி நடந்தால் வேறு வக்கீலைக் கேட்டு எழுதிக் கொடுக்க உரிமை உண்டு. ஆனால் நல்ல வக்கீல்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். குறிப்பாக நம் பிள்ளைகளில் சட்டக் கல்லூரி முடித்த முதல் தலைமுறையினர் பலர். குறை வக்கீலிடம் இருப்பதைவிட ஏற்பாட்டில் அதிகம். சட்ட விழிப்புணர்வு முகாம் என்று ஊராட்சி அலுவலகத்திலோ கல்யாண மண்டபத்திலோ ஷாமியானா போடுகிறார்கள். காலனியில் போடுவது அபூர்வம். வந்தவர்களுக்கு டீயும் துண்டறிக்கையும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அன்றைக்கு யாருக்கும் நோட்டீஸ் வந்திருக்காது. நோட்டீஸ் வரும் நாளில் முகாம் இருக்காது. கிராம நீதிமன்றங்களுக்கென்று 2008-இல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. நீதிபதியே ஊர் ஊராக வந்து சின்னப் பண வழக்குகளையும் இடத் தகராறுகளையும் விசாரிக்கலாம் என்றது அது. 2009 அக்டோபர் 2 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாடு அரசு அந்தப் பக்கமே போகவில்லை. தாலுகா கோர்ட்டுகளே போதும் என்கிறார்கள். ஒரு வாய்தாவுக்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகிறவரைக் கேட்டுவிட்டு அதைச் சொல்லியிருக்கலாம்.

புதிய சட்டமோ நிதியோ தேவைப்படாத ஒரு கோரிக்கையை இங்கே வைக்கிறேன். வருவாய்த் துறையும் ஊராட்சியும் நீர்வளத் துறையும் அனுப்பும் ஒவ்வொரு வெளியேற்ற நோட்டீசின் தலைப்பிலும், கோர்ட் அனுப்பும் ஒவ்வொரு சிவில் சம்மனிலும், பெரிய எழுத்தில் தமிழில் நாலு வரி அச்சிட வேண்டும். 'இது உங்களிடம் விளக்கம் கேட்கும் நோட்டீஸ். இந்தத் தேதிக்குள் பதில் தர வேண்டும். உங்களுக்கு இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. வட்டச் சட்டப் பணிகள் குழு இங்கே இருக்கிறது, எண் 15100.' இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 2024 அக்டோபரில் சுஹாஸ் சக்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், தண்டனைத் தீர்ப்பின் நகலை ஒருவருக்குக் கொடுக்கும்போது இலவச சட்ட உதவி உண்டு என்று சொல்லும் முகப்புத் தாளை அதோடு இணைப்பதைப் பற்றி உயர்நீதிமன்றங்கள் பரிசீலிக்கலாம் என்றது. சிறைக்குப் போகிறவருக்குத் தரலாம் என்கிற அந்தத் தாளை, வீட்டை இழக்கப்போகிறவருக்கும் தருவதில் என்ன தடை? ஒரு மாவட்ட ஆட்சியர் நினைத்தால் தன் மாவட்டத்துத் தாசில்தார்களுக்கு ஒரு சுற்றறிக்கையில் இதைச் செய்துவிடலாம். ரப்பர் முத்திரையாகக்கூட அடிக்கலாம்.

அதுவரை அந்த முகப்புத் தாளாக இருக்க வேண்டியவர்கள் காலனிகளில் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள்தான். நீதிமன்றத்துக்கும் ஊருக்கும் இடையில் வேலை செய்ய, சட்டத் தன்னார்வலர்கள் என்று மாவட்ட ஆணைக்குழுவே ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. காலனிக்கு ஒருவர் சேர்ந்தால், வருகிற காகிதத்தில் 6-ஆ 7-ஆ என்று பார்க்கவும், கடைசித் தேதியைக் காலண்டரில் வட்டம் போடவும், மறுநாள் காலை முதல் பஸ்சில் அவர்களைக் கூட்டிப் போகவும் ஆள் இருக்கும். ஜமாபந்தி வரும்போது செய்ய ஒரு வேலையும் இருக்கிறது. உங்கள் காலனியின் எல்லாப் புல எண்களுக்கும் 'அ' பதிவேட்டு நகல் கேட்டு ஒரே மனுவாகக் கொடுங்கள். வந்ததும் ஒரு பிரதி வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் இருக்கட்டும், ஒரு பிரதி படிப்பகத்தில் இருக்கட்டும். நத்தம் எது, ஓடை எது என்பது நோட்டீஸ் வந்த பிறகு தேடும் காரியமாக இருக்கக் கூடாது.